இத்தாலியிலிருந்து வரும் தாயின் கையிலுள்ள தாளைப் படியுங்கள்

பிரிட்டனில் பணியாற்றும் தமிழ் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், ஹெல்த் விசிட்டர்கள் (வீடு தேடி வரும் குழந்தைநலச் செவிலியர்கள்) அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இத்தாலிக்கும் பிரிட்டனுக்கும் இடையே கைக்குழந்தையோடு இடம் மாறும் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பிலும் தாள் வேலையிலும் துணை நிற்பவர்கள் நாங்கள். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. அப்படி வருகிறவர்களில் பலெர்மோவில் பல ஆண்டு வாழ்ந்து இத்தாலியக் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. அந்தத் தாய்மார் பேசுவது தமிழ். ஆனால் பிள்ளையின் ஊசி, காய்ச்சல், மருந்து, முதல் சாப்பாடு என்று பேச்சு வந்தால் வாயில் வருவது இத்தாலியச் சொல். எதிரே இருப்பதோ ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் கணினித் திரை. இந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் பல இடங்களில் நீங்கள்தான்.

நாங்கள் கேட்பது இது: "தடுப்பூசி முழுமையாகவில்லை" என்று பதிவதற்கு முன், இரு நாட்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தாய் எதையும் தவறவிடவில்லை. இன்னொரு நாட்டின் அட்டவணையை நாள் தவறாமல் பின்பற்றியவள் அவள்.

ஆறு நோய்களுக்கான ஒரே ஊசியிலிருந்து தொடங்குவோம். இத்தாலியில் அதற்குப் பெயர் எசாவலென்ட்டே. மருந்து ஏறத்தாழ இங்கே போடுவதேதான், நாள்தான் வேறு. பிரிட்டனில் 8, 12, 16 வாரங்களில் முதல் மூன்று தவணை. இத்தாலியில் மூன்றாம், ஐந்தாம், பதினோராம் மாதங்களில். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "மூன்றாம் மாதம்" என்று அங்கே சொல்வது இரண்டு மாதம் முடிந்து மூன்றாவது நடப்பதை. நம் வீடுகளில் "பிள்ளைக்கு மூன்று நடக்கிறது" என்போமே, அதே கணக்கு. முதல் தவணையை 61ஆம் நாளிலிருந்தே போடுவார்கள். ஆக, ஏழு மாதப் பிள்ளையின் தாளில் இரண்டு தேதிகள் மட்டும் இருந்தால் அது இத்தாலியக் கணக்கில் சரியாக இருக்கிறது. இங்கே மூன்றாவது தேவை என்றால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இடையில் நின்றுபோன தவணைகளை முதலிலிருந்து திரும்பப் போட வேண்டியதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்த விதிதான். தாயிடம் அதை வாய் திறந்து சொல்வதுதான் பல இடங்களில் விடுபடுகிறது. "மறுபடி எல்லாம் குத்தப் போகிறார்கள்" என்ற பயத்தில் அடுத்த சந்திப்புக்கே வராமல் போகிறவர்கள் உண்டு.

தட்டம்மை ஊசியிலும் இதே சிக்கல். இத்தாலியில் முதல் தவணை 12 முதல் 15 மாதத்துக்குள், இரண்டாவது ஐந்து ஆறு வயதில். பிரிட்டனில் இரண்டாவது தவணை மூன்று வயது நான்கு மாதத்தில் இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து அதை 18 மாத வயதிலேயே போடும்படி மாற்றியிருக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை ஒரே தவணையோடு வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். இரண்டாவதைப் போடுங்கள், அது பிள்ளைக்கு நல்லது. "தவறிவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள், "இங்கே இப்போது முறை வந்துவிட்டது" என்று எழுதுங்கள். பள்ளிக்கு முன் போடும் நான்கு நோய் ஊசியும் அப்படித்தான்: இங்கே மூன்று வயது நான்கு மாதம், அங்கே ஐந்து ஆறு வயது. ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து ஒன்றில்தான் காலம் உண்மையிலேயே நெருக்கும். இங்கே முதல் தவணைக்கு 15 வாரமும் முடிப்பதற்கு 24 வாரமும் எல்லை. இத்தாலியில் தொடங்கிய பிள்ளை என்றால் எந்தப் பெயருள்ள மருந்து, எத்தனை தவணை என்பதை அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அடுத்த வாரம் கேட்டால் பயனில்லாமல் போகலாம்.

தாளில் காணும் சொற்கள் அதிகமில்லை. மோர்பில்லோ என்றால் தட்டம்மை, பரொத்தீத்தே பொன்னுக்கு வீங்கி, ரொசோலியா ருபெல்லா, வரிச்செல்லா சின்னம்மை, பெர்த்தோஸ்ஸே கக்குவான். ரிக்கியாமோ என்றிருந்தால் ஊக்கத் தவணை. இவற்றை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டால் போதும்.

இன்னொரு பொறி நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. இலங்கைத் தாய் "சின்னமுத்து" என்றால் அது தட்டம்மை. தமிழ்நாட்டில் வளர்ந்த செவிலியர் காதில் அது சின்னம்மை என்று விழும். சின்னம்மையை அந்தத் தாய் "கொப்புளிப்பான்" என்பாள், பொன்னுக்கு வீங்கியைக் "கூகைக்கட்டு" என்பாள். "பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தது" என்பதைச் சின்னம்மை என்று பதிந்துவிட்டால் இரண்டு தவறுகள் சேர்ந்து நடக்கின்றன. வந்த நோய் பதிவில் இல்லை, வராத நோய் வந்ததாக நிற்கிறது. சந்தேகம் வந்தால் நோயின் பெயரைக் கேட்காதீர்கள். நீர்க்கொப்புளமா, தட்டையான சிவப்புத் தடிப்பா, இருமலும் கண் சிவப்பும் இருந்ததா என்று கேளுங்கள்.

இனிக் காய்ச்சல் மருந்து. மருந்தாளுநர்களே, உங்களுக்காகத்தான் இந்தப் பகுதி. உயிர் சம்பந்தப்பட்டது, பொறுமையாகப் படியுங்கள்.

இத்தாலிய வீடுகளில் பாரசிட்டமோல் என்ற பெயரை விட தக்கிபிரினா என்ற பெயர்தான் புழக்கம். அது பல வடிவங்களில் வருகிறது. சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம். இங்கே கைக்குழந்தைகளுக்கு விற்கும் கால்போல் என்ற பாரசிட்டமோல் சிரப்பும் அதே அளவு, ஆபத்தில்லை. ஆனால் கோச்சே என்ற சொட்டு மருந்து ஒன்று உண்டு. அதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். எட்டு வாரத்தில் மூளைக்காய்ச்சல் பி ஊசி போட்டபின் "பாரசிட்டமோல் 2.5 மில்லி கொடுங்கள்" என்று இங்கே சொல்கிறோம். கால்போலில் 2.5 மில்லி என்றால் 60 மில்லிகிராம். பெட்டியில் கொண்டுவந்த சொட்டு மருந்திலிருந்து அதே 2.5 மில்லியை உறிஞ்சிக் கொடுத்தால் 250 மில்லிகிராம். ஐந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளையில், கிலோவுக்கு 50 மில்லிகிராம். இரண்டும் பாரசிட்டமோல், இரண்டும் சிறு பாட்டில், கையில் இருப்பதும் ஒரே சிரிஞ்ச். தாய் செய்ததில் தவறு எதுவும் தெரியாது, சொன்னபடி 2.5 மில்லிதான் கொடுத்திருப்பாள்.

ஆகவே மில்லியை மட்டும் சொல்லாதீர்கள். "60 மில்லிகிராம், அதாவது இந்தப் பாட்டிலில் 2.5 மில்லி" என்று பாட்டிலைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். வீட்டில் இத்தாலிய மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அடுத்த முறை கொண்டுவரச் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் கொடுக்க இங்கே வாங்கியதை, அதோடு வந்த சிரிஞ்சாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்தது சுப்போஸ்தா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை. 62.5, 125, 250, 500 மில்லிகிராம் என்று பல அளவுகளில் கிடைக்கும். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு இரவில் இதை வைப்பது அங்கே சாதாரண வழக்கம். "கடைசியாக எப்போது மருந்து குடிக்கக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் "கொடுக்கவில்லை" என்பாள், அது உண்மைதான். குடிக்கக் கொடுக்கவில்லை, வைத்தாள். கேள்வியை மாற்றுங்கள்: "காய்ச்சலுக்கு வாய் வழியாகவோ வேறு வழியாகவோ கடைசியாக எப்போது, எவ்வளவு?" அளவு தெரியாவிட்டால் உறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வயதைப் பார்த்து அளவு சொல்கிறோம், அங்கே எடையைப் பார்த்து. அந்தத் தாய் தன் பிள்ளையின் எடையைக் கிராம் வரை தெரிந்து வைத்திருப்பாள். கேட்டுப் பாருங்கள், அது உங்களுக்கும் உதவும்.

வைட்டமின் டி சொட்டுக்கும் இதே எச்சரிக்கை. இத்தாலியில் முதல் ஆண்டு முழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்கு 400 யூனிட். இங்கே தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம். நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் புட்டிப்பால் குடித்தால் தேவையில்லை. 400 யூனிட்டும் 10 மைக்ரோகிராமும் ஒன்றே. மாறுவது சொட்டின் கணக்கு. மில்லிக்கு 10,000 யூனிட் உள்ள இத்தாலிய மருந்தில் ஒரு சொட்டே 250 யூனிட். இங்கே குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ஹெல்தி ஸ்டார்ட் திட்டத்தில் தரும் பாட்டிலில் 10 மைக்ரோகிராமுக்கு ஐந்து சொட்டு. இங்கே கேட்ட "ஐந்து சொட்டை" அந்தப் பாட்டிலிலிருந்து விட்டால் 1,250 யூனிட். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இங்கே சொல்லும் மேல்வரம்பு 25 மைக்ரோகிராம், அதாவது 1,000 யூனிட். பாட்டிலைப் பார்க்காமல் சொட்டு எண்ணிக்கையைச் சொல்லவே கூடாது.

வீட்டில் நெபுலைசர் (மருந்தை மூச்சில் இழுக்கும் புகையாக மாற்றும் கருவி) இருக்கிறது என்று தாய் சொன்னால் வியக்க வேண்டாம். இத்தாலியில் சளிக்குக்கூட அதைப் பயன்படுத்துவார்கள், பெயர் ஏரோசோல். அதற்குள் என்ன ஊற்றினாள் என்பதுதான் கேள்வி: வெறும் உப்புநீரா, ஸ்டீராய்டா, சால்பியூட்டமால் சொட்டா?

சாப்பாட்டுக்கு வருவோம். ஹெல்த் விசிட்டர்கள் இந்த இடத்தில்தான் தாயின் மனத்தைப் பெறவோ இழக்கவோ செய்கிறார்கள். இங்கே ஆறு மாத அளவில் கையில் பிடித்துத் தின்னும் துண்டுகளைக் கொடுக்கச் சொல்கிறோம். இத்தாலியத் தாய் பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் உணவு ப்ரோடோ என்ற காய்கறிச் சாறு. ஒரு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், ஒரு சுக்கினி, ஒரு லிட்டர் தண்ணீர், உப்பில்லாமல் ஒரு மணி நேரக் கொதி. வடித்த சாறு 150 முதல் 200 மில்லி. அதில் மூன்று நான்கு கரண்டி அரிசி மாவு, 80 கிராம் குப்பியில் பாதி அரைத்த இறைச்சி, ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு தேக்கரண்டி துருவிய பர்மிஜானோ. கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் கொடுத்து வளர்த்த நம் பாட்டிமாருக்கு இது அன்னியமாகப் படாது.

பாலாடைக்கட்டியைப் பார்த்ததும் "உப்பு" என்று பதற வேண்டாம். பர்மிஜானோவில் 100 கிராமுக்குச் சுமார் 1.6 கிராம் உப்பு. தேக்கரண்டி ஐந்து கிராம் என்று வைத்தால் 0.08 கிராம்தான். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குள் என்பது வரம்பு. குறை வேறிடத்தில் இருக்கிறது. வேகவைத்த காய்களை வடித்து எறிந்துவிட்டு நீரை மட்டும் எடுத்தால் வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும். காயின் சத்தில் பெரும்பகுதி குப்பைக்குப் போகும். அந்தக் காய்களை அதே சாற்றில் மசித்துச் சேர்க்கச் சொல்லுங்கள், சாற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், வாரத்துக்கு வாரம் கட்டியாக மசிக்கச் சொல்லுங்கள். முட்டையையும் மென்மையாக அரைத்த நிலக்கடலையையும் தள்ளிப் போடாமல் ஆறு மாதத்திலிருந்து சிறிது சிறிதாகத் தரச் சொல்லுங்கள். தேன் ஒரு வயதுவரை கூடாது, இரு நாட்டிலும். "இதை நிறுத்துங்கள்" என்றால் அவள் உங்களிடம் சொல்லாமல் செய்வாள். "இதை இப்படி மாற்றுங்கள்" என்றால் மறுநாளே செய்வாள்.

"குழந்தை மருத்துவர் எப்போது பார்ப்பார்?" என்று அவள் கேட்பது உங்கள் மீதுள்ள நம்பிக்கைக் குறைவால் அல்ல. இத்தாலியில் பிறந்தவுடன் பெயர் சொல்லி ஒரு பெடியாத்ராவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், 14 வயதுவரை அவர் பார்க்கலாம். இங்கே ஜிபி என்ற குடும்ப மருத்துவரே பார்ப்பார் என்பதையும், எதற்கு மருந்துக்கடை, எதற்கு 111 என்ற ஆலோசனை எண், எதற்கு 999 என்ற அவசர எண் என்பதையும் முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 39 டிகிரி என்றால் காத்திருக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, திரும்பிப் போகும் குடும்பங்கள். 2017ஆம் ஆண்டின் 119ஆம் எண் சட்டப்படி இத்தாலியில் பத்துத் தடுப்பூசிகள் கட்டாயம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அவை இல்லையென்றால் நிடோ என்ற குழந்தைக் காப்பகத்திலும் மழலையர் பள்ளியிலும் இடம் இல்லை. அதற்கு மேல் 16 வயதுவரை பள்ளியில் சேர்ப்பார்கள், பெற்றோருக்கு 100 முதல் 500 யூரோவரை அபராதம் வரலாம். அந்தப் பத்தில் சின்னம்மையும் ஒன்று. பிரிட்டனில் 2026 ஜனவரிக்கு முன் அது வழக்கமான அட்டவணையில் இல்லை. இங்கே எல்லா ஊசியும் போட்டு முடித்த நான்கு வயதுப் பிள்ளை அங்கே பள்ளி வாசலில் நிற்பது இதனால்தான்.

சின்னம்மை ஏற்கெனவே வந்த பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் மருத்துவரின் பதிவோ ரத்தப் பரிசோதனை முடிவோ வேண்டும். இங்கே சின்னம்மைக்கு வீட்டிலேயே இருக்கச் சொல்கிறோம், தொலைபேசியில் முடித்துவிடுகிறோம், பல நேரம் குறிப்பில் ஏறுவதில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தத் தாய் கேட்டால் கொடுக்க எதுவும் இருக்காது. எனவே அவள் அழைக்கும் அன்றே தேதியோடு "சின்னம்மை" என்று பதியுங்கள். ஊர் போகிறேன் என்று சொன்னால் ஒவ்வொரு தவணையின் தேதி, மருந்தின் வணிகப் பெயர், தொகுதி எண் ஆகியவற்றோடு பதிவை அச்சிட்டுக் கொடுங்கள். வெளிநாட்டில் போட்ட ஊசி இத்தாலியப் பதிவேட்டில் தானாக ஏறாது. அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் அங்குள்ள சுகாதார அலுவலகம் ஏற்றும். சிசிலியில் அதன் பெயர் ஏஎஸ்பி, பிற இடங்களில் பெரும்பாலும் ஏஎஸ்எல். ரெட் புக் என்ற குழந்தையின் உடல்நலக் கையேட்டின் ஒளிநகல் மட்டும் போதும் என்று அனுப்பிவிடாதீர்கள். கையால் எழுதிய பக்கத்தில் மருந்தின் பெயர் விடுபட்டிருந்தால் அது எந்த ஊசி என்று அங்கே எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

அன்புடன்,
இரு நாட்டுக் குடும்பங்களுக்கு மொழித்துணை நிற்போர்