சராசரி 7 சரி, நடுவில் என்ன நடந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த சர்க்கரை நோய்க் கட்டுரையைப் படித்தேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை 7க்குள் இருந்துவிட்டால் இதயத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பதுபோல் முடித்திருந்தார்கள். தாராபுரத்தில் மருந்துக் கடை நடத்துகிற எனக்கு அதை அப்படியே விட மனமில்லை.

எச்பிஏ1சி 7 என்றால் ரத்தச் சர்க்கரை சராசரியாக 154 இருந்திருக்கிறது என்று கணக்கு. ஒருவருக்கு அது 120க்கும் 190க்கும் நடுவிலேயே ஓடியிருக்கலாம். இன்னொருவருக்கு விடிகாலையில் 60, விருந்துக்குப் பின் 280 என்று ஆடியிருக்கலாம். ரிப்போர்ட்டில் இருவருக்கும் 7தான். இப்படி அதிகமாக ஏறி இறங்குகிறவர்களிடம் மாரடைப்பும் இதய நோய் மரணமும் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்ற இறக்கமே காரணமா, இல்லை மருந்தை ஒழுங்காகப் போடாதது, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றின் அடையாளமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சர்க்கரை 70க்குக் கீழே சரியும்போது என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். அட்ரினலின் பொங்கிச் சுரக்கும். நாடி படபடக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். ஏற்கெனவே அடைப்புள்ள இதயம் தாளம் தப்ப அது போதும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த அக்கார்டு ஆய்வில், பாதிப் பேருக்கு எச்பிஏ1சியை 6க்குக் கீழே இறக்கத் தீவிர சிகிச்சை கொடுத்தார்கள். அந்தப் பக்கம் 257 பேரும் வழக்கமான சிகிச்சைப் பக்கம் 203 பேரும் இறந்துபோக, 2008இல் தீவிர சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். தாழ்சர்க்கரைதான் அத்தனைக்கும் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் கொஞ்சம் தளர்வான இலக்கு வைக்கும் வழக்கம் அதன்பின் வலுப்பட்டது.

எங்கள் பக்கம் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் கைவைத்தியமாகவே வருகிறது. “பேரனுக்குக் காதுகுத்துங்க, ஒப்புட்டு ரெண்டு சேத்தித் தின்னுபோட்டனுங்க, ஒரு மாத்திரை சேத்திப் போட்டுக்கட்டுங்களா?” என்று காலையில் வந்து நிற்பார்கள். கேட்பவர் போடுவது கிளிமிபிரைடு, கணையத்தை இன்சுலின் கூடுதலாகச் சுரக்கவைக்கிற மாத்திரை. மெட்ஃபார்மின் தனியாகப் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, இன்சுலின் கதை வேறு. டாக்டரைப் பார்க்கும் வாரத்தில் மட்டும் பட்டினி கிடந்து ‘நல்ல’ ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் தனி ரகம். நாட்டுச் சர்க்கரை ஏறாது என்று கவுந்தப்பாடிச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்வோரும் உண்டு. கணையத்துக்கு ஊர்ப்பெயர் தெரியாதுங்க.

தைப்பூசத்தில்தான் இதெல்லாம் ஒன்றுசேரும். ஈரோடு, காங்கேயம் பக்கமிருந்து பழனிக்கு நடப்பவர்களில் பலர் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். விடிவதற்கு முன்னே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடை, அப்புறம் அன்னதானப் பந்தலில் கேசரி. ஒருமுறை பெரியவர் ஒருவரைக் கடை பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். தை மாதக் குளிரில் பச்சை வேட்டி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது, நாக்கு குழறியது. கூட வந்தவர்கள் “சாமி வந்திருக்குங்க” என்றார்கள். குளுக்கோமீட்டர் 48 காட்டியது. விழுங்க முடிந்ததால் குளுக்கோஸ் மூன்று ஸ்பூன் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தன் ஊரைச் சொன்னார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான். ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோபுரோலால் போடுகிறவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும்.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. கொண்டுவருகிறவர்கள் “இந்த மாதம் திடீரென்று வியர்த்து, கை நடுங்கியதா?” என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துக்கொண்டால் டாக்டருக்கு உதவும். பழனிச் சாலைப் பந்தல்காரர்கள் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பாக்கெட்டும் வைக்கலாம். நடைக்குக் கிளம்பும் முன் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லி, தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகத் தங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மருந்தாளுநர்,
தாராபுரம்.