குடிலுக்குள் இன்னும் சற்று நேரம் நில்லுங்கள்

அனிமேஷன் தொடர்களுக்கும் படங்களுக்கும் கற்பனை உலகங்களை வகுத்துத் தரும் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். புதிதாக ஒரு நாட்டைப் படைக்கும்போது அதன் எல்லை, நாணயம், அரச மரபு, போர்முறை என அனைத்துக்கும் வரலாறு எழுதும் நீங்கள், அந்நாட்டுப் பெண்கள் எதை யாரிடம் கற்கிறார்கள், எதற்காகத் தங்களுக்குள் பிணங்குகிறார்கள், எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்ற இடத்தில் மட்டும் குறிப்பேட்டை மூடிவிடுகிறீர்கள். பெண்களுக்கென ஒரு தடை, அதை மீற ஒரு சிறுமி, பெரும்பாலும் அவ்வளவுதான். (அவர்களுடைய ஆடை அணிகலன்களுக்கு மட்டும் குறைவே இருப்பதில்லை.)

2005இல் தொடங்கிய ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரைப் பலமுறை பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அதில் நீரை வசப்படுத்தும் ஆற்றல் கொண்ட வட நீர்க்குலத்து ஆண்கள் நீரைக் கொண்டு போரிடவும், பெண்கள் நீரால் குணப்படுத்தவும் கற்கிறார்கள். இந்த வழக்கத்தை எதிர்த்துக் கதைநாயகி கட்டாரா, போர்க்கலை ஆசான் பக்குவுடன் மோதுவது முற்றிலும் நியாயமே. ஆனால், மூதாட்டி யுகோடா சிறுமிகளுக்குப் பாடம் நடத்தும் குடிலை எட்டிப் பார்த்த வேகத்தில் கதை வெளியேறிவிடுகிறது. அந்த மருத்துவம் எப்படி வளர்ந்தது, அதில் கைதேர்ந்தவளுக்குக் குலத்தில் என்ன மதிப்பு என்பதெல்லாம் நமக்குச் சொல்லப்படுவதில்லை. இத்தனைக்கும் இரண்டாம் பருவத்தின் முடிவில் கதைநாயகன் ஆங்கின் உயிரை மீட்பது கட்டாராவின் குணப்படுத்தும் ஆற்றல்தான். அக்கலையைப் போர்க்கலைக்குக் கீழே வைத்தது அந்தக் குலம் மட்டும்தானா என்ற ஐயம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

1997இல் வெளிவந்த, ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோனோகே’ படத்தில், விபச்சார விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் இரும்பு உலையின் துருத்தியை மிதிக்கிறார்கள். வேலை செய்தபடி பாட அவர்களுக்கென்று ஒரு பாட்டு இருக்கிறது. ஆண்களை வாய்விட்டுக் கேலி செய்யும் உரிமை இருக்கிறது. ஊருக்கு ஆபத்து வந்தால் ஆயுதமும் ஏந்துகிறார்கள். ஜப்பானின் மரபான உலைகளில், கனயாகோ என்னும் உலைத் தெய்வம் பெண்களை வெறுப்பவள் என்று நம்பி அவர்களை விலக்கி வைத்தார்கள். அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியதோடு நில்லாமல், உள்ளே வந்த பெண்கள் எப்படி வாழ்வார்கள் என்பதையும் அந்தப் படம் யோசித்திருக்கிறது.

அடுத்த உலகத்தை வகுக்கும்போது இந்த யோசனையைத்தான் உங்களிடம் வேண்டுகிறேன். பெண்களின் கூடத்திலும் மூப்பும் போட்டியும் பாடபேதமும் இருக்கட்டும். போருக்குப் போக விரும்பாமல் மருத்துவத்திலேயே தங்கி, தன் ஆசிரியையின் முறை தவறென்று வாதாடும் ஒருத்திக்கும் ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உலகங்களை விரும்பிப் பார்க்கும் ஒருத்தி