மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழும் பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற என் மகளை வன்னியிலிருந்து கொழும்பு கிளினிக்குக்கு அழைத்துச் சென்றுவரும் தாய் நான். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க அவள் எடுக்கும் டக்ரோலிமஸ் மருந்தின் அளவை அறிய, முதல்நாள் இரவுக் குளிசை எடுத்து 12 மணித்தியாலங்களின் பின்பு, காலைக் குளிசைக்கு முன்னர் இரத்தம் எடுக்கவேண்டும். ஆகையால் இரவு பஸ்ஸிலேயே புறப்படுகின்றோம். வழியில் நேரம் பார்த்து அவளை எழுப்பி, முகக்கவசத்தை விலக்கி, தூக்கக் கலக்கத்திலேயே குளிசையை விழுங்கவைக்கின்றேன். நோயெதிர்ப்புச் சக்தியை மருந்தினாலேயே குறைத்து வைத்திருக்கும் பிள்ளையை, இருமலும் தடிமனுமாய் நெரிசல்பட்டு நிற்பவர்களுக்கு நடுவில் இருத்திக் கொண்டுபோவது எவ்வளவு பயம் என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

வைத்தியரை நேரில் காண்பதற்குக் கொழும்பு செல்லத்தான் வேண்டும். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் செல்லவேண்டிய நாள்களில், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளிலேயே இரத்தத்தை எடுத்து, குளிரூட்டிய பெட்டியில் கொழும்புக்கு அனுப்பலாம். முறையாகக் குளிரில் வைத்தால் இந்த இரத்த மாதிரி சில நாள்களுக்குப் பழுதாகாது. முடிவைத் தொலைபேசியில் அறிவித்து, மருந்தளவை அன்றே மாற்றச் சொல்லவும் முடியும். மாகாண சுகாதாரத் திணைக்களம் இதற்கு ஒழுங்குசெய்யுமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கின்றேன்.

ஒரு தாய்,
புதுக்குடியிருப்பு.