பி.எட். டீச்சருக்கு எதுவரை பொறுப்பு? எழுதிக் கொடுங்கள்

பள்ளிக்கல்வித் துறை அதிகாரிகளுக்கும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கும்,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஆண்டு 16 வாரம் பள்ளியில் பயிற்சி. 2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் (என்.சி.டி.இ.) கொண்டுவந்த விதி இது, நல்ல விதி. பாடக்குறிப்பு எழுதி மட்டும் யாரும் டீச்சர் ஆகிவிட முடியாது.

ஒரு நாள் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் லீவு. "கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று என்னை அனுப்பினார்கள். 41 பிள்ளைகள், நான் மட்டும். பெஞ்சில் இடறி விழுந்த ஒரு பையனுக்குப் புருவத்துக்கு மேல் கிழிந்துவிட்டது. சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். மூன்று தையல். சாயங்காலம் பனியன் கம்பெனியிலிருந்து நேராக வந்த அவன் அம்மா, "ஏனுங், நீங்கதான் டீச்சருங்களா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், என் பையனை யாரிடம் விட்டீர்கள் என்பார். வாய் திறக்காமல் நின்றேன். அது இன்னும் உறுத்துகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிக்கவோ மனதை வதைக்கவோ கூடாது என்கிறது. எங்களுக்கும் அது பொருந்தும், பொருந்தத்தான் வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் புகார் சொல்லியாக வேண்டும். ஆக, கடமை எங்களுக்கும் உண்டு. அதிகாரம்? கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்லும் ஆசிரியர் தகுதியை நாங்கள் இன்னும் பெறவில்லை. பள்ளியில் சேர நான் கொண்டுபோன கடிதத்தில் என் பெயர், பாடம், தேதி தவிர வேறெதுவும் இல்லை.

எங்கள் பொறுப்பு எதுவரை என்று எழுதிய ஒரே ஒரு தாள் போதும். நிரந்தர ஆசிரியர் இல்லாமல் எங்களைத் தனியாக வகுப்பில் விடலாமா? விடக்கூடாது என்பேன் நான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாமா? சண்டை போடும் பிள்ளையை வெளியே அனுப்பலாமா? அடிபட்டால் பெற்றோரிடம் பேச வேண்டியது யார்? தலைமையாசிரியர், வழிகாட்டி ஆசிரியர், நாங்கள், மூன்று பேரும் அதில் கையெழுத்திட வேண்டும்.

எங்கள் பள்ளியில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆள் பற்றாக்குறை, அவ்வளவுதான். அப்புறம், அந்தப் பையன் மறுநாளே கட்டுப் போட்ட நெற்றியோடு வந்து, "மிஸ், கணக்கு நோட்டு கொண்டாந்துட்டேன்" என்றான். அவனுக்கு நான் டீச்சர்தான். அடுத்த ஆண்டு பயிற்சிக்குப் போகிறவர்கள் கையில் முதல் நாளே அந்தத் தாள் இருக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டப் பி.எட். மாணவி