புயல் செய்தியில் கடல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் வங்கக் கடல் புயல்கள் நம் சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகளில் தவறாமல் இடம்பெறும். இங்கே வேலை பார்ப்பவர்களில் பலருக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம். செய்தியைப் படித்த கையோடு வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். ஆனால் அந்தச் செய்தியில் பெரும்பாலும் இரண்டே விவரங்கள்தான் இருக்கின்றன: புயலின் பெயர், காற்றின் வேகம். கரையோரத்தில் இருப்பவர் வீட்டை விட்டுக் கிளம்புவதா, இருப்பதா என்று முடிவெடுக்க இவை போதவே போதாது. புயலில் அதிக உயிர்களைக் கொண்டுபோவது தண்ணீர்: கடலிலிருந்து ஏறுவது, வானத்திலிருந்து கொட்டுவது. அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாக எழுதுகிறோம்.

1977 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் தேதி நாகப்பட்டினம் அருகே ஒரு கடும்புயல் கரையேறியது. ஏறத்தாழ 560 பேர் இறந்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, 19ஆம் தேதி, ஆந்திரத்தின் திவிசீமாவில் இன்னொன்று. அங்கே கடல் ஏறக்குறைய 5 மீட்டர் எழுந்து தாழ்வான டெல்டாவுக்குள் புகுந்தது. இறந்தவர்கள் பத்தாயிரம் பேருக்குக் குறையாது. இரண்டுமே பேய்க்காற்றோடு வந்தவைதாம். அந்தப் பத்தாயிரம் பேரில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது கடல்.

புயலுக்குத் தரம் பிரிக்கும் முறையிலேயே இந்தக் குழப்பத்தின் வேர் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வு மண்டலம், 50ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62இல் புயல், 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல். இந்தப் படிகளில் மழைக்கும் இடமில்லை, கடல் ஏற்றத்துக்கும் இடமில்லை. 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரையேறிய நிஷா, ‘புயல்’ என்ற கீழ்ப்படியைத் தாண்டவே இல்லை. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழை கொட்டியது. 2024இல் புதுச்சேரி அருகே வந்த ஃபெங்கலும் அதே படிதான். கரையேறிய பிறகு மணிக்கணக்கில் நகராமல் நின்று, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. பெய்தது. 2025 நவம்பர் கடைசியில் நம் வாசலில், மலாக்கா நீரிணையிலேயே உருவான சென்யாரும் காற்று வேகத்தில் சிறியதுதான். வடக்கு சுமத்ராவின் மலைச்சரிவுகளில் அது என்ன செய்தது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே ‘வலுவிழந்தது’ என்று தலைப்புப் போடும்போது காற்று மட்டும்தான் வலுவிழந்தது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மெதுவாக நகரும் பலவீனமான புயல், வேகமாகக் கடந்துபோகும் பலமான புயலைவிட அதிக மழை தரக்கூடும்.

காற்றின் வேகத்தையாவது சரியாகச் சொல்கிறோமா என்றால், அதிலும் சிக்கல். இந்திய மையம் சொல்வது 3 நிமிடச் சராசரி. அமெரிக்கக் கடற்படையின் எச்சரிக்கை மையம் சொல்வது 1 நிமிடச் சராசரி. அது பொதுவாகக் கூடுதலாகத் தெரியும். இரண்டையும் ஒரே செய்தியில் கலந்தால், புயல் திடீரென வலுத்துவிட்டது போன்ற பீதி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இன்னொன்று: காற்று கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 100 கி.மீ. 140 ஆனால் கூரை மீது விழும் விசை இரண்டு மடங்கு. ‘கொஞ்சம்தான் கூடியிருக்கிறது’ என்பது தப்புக் கணக்கு.

இனி கடல் ஏற்றம். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு செ.மீ. எழும். மையத்தில் 30 மில்லிபார் குறைந்தாலும் அதனால் வருவது 30 செ.மீ.தான். மீதியெல்லாம் காற்று தள்ளிக்கொண்டு வருவது. ஆழமான கடலில் அப்படித் தள்ளப்படும் நீர் அடிவழியாகத் திரும்பிப் போய்விடும். பாக் விரிகுடா போல ஆழமற்ற கடலில் அதற்குத் திரும்ப வழியில்லை; கரைமேல் ஏறுகிறது.

எந்தக் கரைமேல் என்பதுதான் முக்கியம். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கடலூர் முதல் நாகப்பட்டினம் வரை கரை வடக்கு தெற்காக நேராகக் கிடப்பதால் கணக்கு எளிது: புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, கரையேறும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும், கடல் ஏறும். தெற்கே நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், கடல் உள்வாங்கும். ஆனால் கோடியக்கரையில் கரை மேற்கே மடங்குகிறது. முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் தெற்கு பார்த்த கரைகள். கண் கிழக்கே இருக்கும்வரை அங்கே வாடைக் காற்று நீரைக் கரையிலிருந்து விலக்கும். கண் வடக்கே கடந்து மேற்கே போன பிறகு காற்று தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். அப்போதுதான் கடல் வரும். ‘புயல் கரையைக் கடந்தது’ என்று தொலைக்காட்சி சொல்லிவிட்ட நேரத்தில், முகாமிலிருந்து வீடு பார்க்கப் புறப்பட்டவர் அதில் மாட்டிக்கொள்வார். கண் நேராக மேலே வந்தாலும் இதே ஆபத்துதான்: அரை மணி, ஒரு மணி நேரம் காற்று அப்படியே அடங்கும், பிறகு எதிர்த்திசையில் அறையும். முதல் பாதியில் ஒருபக்கம் வேர் அசைந்த மரமும், ஓடு பெயர்ந்த கூரையும் இரண்டாம் பாதியில்தான் விழும்.

வரைபடத்தில் போடும் அந்த ஒற்றைக் கோட்டையும் அளவுக்கு மேல் நம்பக் கூடாது. ஒரு நாள் முன்பு கணித்த இடத்திலிருந்து 50, 80 கிலோமீட்டர் தள்ளிக் கரையேறுவது இயல்பு. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடைவெளியே அவ்வளவுதான். அந்தத் தள்ளலில் ஓர் ஊர் கடல் உள்வாங்கும் பக்கத்திலிருந்து கடல் ஏறும் பக்கத்துக்கு மாறிவிடும். கோட்டைச் சுற்றியுள்ள அகலமான பட்டையை முழுதாக அச்சிடுங்கள்.

கஜா புயல் இதற்கெல்லாம் நல்ல பாடம். 2018 நவம்பர் முதல் பாதியில் தாய்லாந்து வளைகுடாப் பக்கம் ஒரு சாதாரணத் தாழ்வுப் பகுதியாகத் தொடங்கி, மலாய்த் தீபகற்பத்தைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் போனது. சுமார் 50 மீட்டர் ஆழம் வரை 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான நீர், ஈரமான நடுவானம், மேலும் கீழும் அதிகம் வேறுபடாத காற்று, சுழற்சி தொடங்கப் போதுமான அளவு நிலநடுக்கோட்டிலிருந்து விலகல் ஆகியவை கிடைத்தால் தாழ்வுப் பகுதி புயலாகும். வங்கக் கடலில் இன்னொரு வசதியும் உண்டு: பெரிய ஆறுகள் கொட்டும் நன்னீர் மேலே மிதப்பதால், புயல் கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வருவதில்லை. (நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் நமக்குப் புயலே வராது என்பதும் முழு உண்மையன்று. 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் சுமார் 1.4 பாகை வட அட்சத்தில் உருவாகி, 27ஆம் தேதி ஜொகூரில் கரையேறியது.) கடலில் ஒரு வளைவு போட்டுத் திரும்பிய கஜா, நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி 12.30க்கும் 2.30க்கும் இடையே வேதாரண்யம் அருகே மிகத் தீவிரப் புயலாகக் கரையேறியது. அதற்குள் 80,000 பேருக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள். 1977ஐவிட உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்ததற்கு அதுவே முதல் காரணம். வேதாரண்யம் கரையோரத்தில் கடல் சேற்றை வாரிக்கொண்டு வந்து போட்டது. உப்பளங்கள் அழிந்தன. உள்ளே பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் சாய்ந்தன.

தென்னையின் சல்லிவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுபவை. மழையில் ஊறிய மண்ணில் பிடி தளரும். உச்சியில் குலையும் மட்டையும் கனக்கும். அதனால்தான் புயலுக்கு முன் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தி, முற்றிய குலைகளை இறக்கி, அடி மட்டைகளைக் கழிக்கச் சொல்கிறார்கள். இதற்கு ஆள் வேண்டும், இரண்டு நாள் வேண்டும். இங்கிருந்து பணம் அனுப்புவோர் புயலுக்கு முன்பே அந்தக் கூலியை அனுப்பினால் பலன் அதிகம். விழுந்த இடத்தில் நெட்டை ரகத்தை மறுபடி நட்டால் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும்.

போனில் கேட்க வேண்டியதும் இதையொட்டியதே. ‘பத்திரமா இருங்க’ என்பதோடு நிறுத்தாமல், வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், புயல் பாதுகாப்பு மையம் எங்கே, அங்கே போகும் பாதை முதலில் மூழ்கும் பாதையா என்று கேளுங்கள். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. எனவே முந்தின நாளே தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றிலும் நீர் நிரப்பச் சொல்லுங்கள். மாடுகளைக் கட்டி வைக்கக் கூடாது. பட்டா, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக்குள் ஓட்டவே கூடாது. புகை நச்சு உறக்கத்திலேயே கொல்லும்.

கடல்நீர் புகுந்த கிணற்றை ஒரே மூச்சில் இறைத்து வற்றவைப்பது நாம் அடிக்கடி கேள்விப்படும் தவறு. கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. வேகமாக இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் மேலேறிவிடும், உறைகளும் சரியலாம். சேற்றை அள்ளிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, மழைநீர் ஊற விட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. இதனால், புயலுக்குப் பிறகு முதல் வாரத்தில் அனுப்பும் பணம் பழந்துணி மூட்டைகளுக்குப் போவதைவிடத் தார்ப்பாய்க்கும் குடிநீருக்கும், தெருவுக்கே தொட்டி நிரப்பும் வாடகை ஜெனரேட்டருக்கும் போவது நல்லது.

உங்களிடம் வேண்டுவது இதுதான். புயல் செய்தி வரும் நாள்களில் ஒரு சிறு கட்டத்தில் இவற்றைப் போடுங்கள்: கரையேறும் பட்டை எந்த ஊர் முதல் எந்த ஊர் வரை, கடல் எத்தனை மீட்டர் எழும், எந்தக் கரையில், 24 மணி நேரத்தில் எவ்வளவு மழை, நகரும் வேகம் என்ன, அன்று அமாவாசை அல்லது பௌர்ணமி ஓதமா (கடல் இயல்பாகவே அதிகம் உயரும் நாளா). நேரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலும் குறியுங்கள். இந்திய நேரத்தோடு 2.30 மணி கூட்ட வேண்டும். கஜா கரையேறியது நமக்கு விடியற்காலை 3க்கும் 5க்கும் இடையே. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு வேலை முடித்து வந்து செய்தியைப் படிக்கும் தொழிலாளிக்கு, ஊரில் அப்போது மாலை ஐந்தரைதான், முகாமுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட்