ஐ5 என்று மட்டும் எழுதாதீர்கள்

பழைய கணினி விற்கும் கடைக்கார நண்பர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவின் மகள், கல்லூரிக்காக வாங்கிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "வாங்கிப் பத்து நாள்தான் ஆகுது மாமா, அரை மணி நேரத்துல தானா அணைஞ்சுடுது" என்றாள். பெட்டியின் முகப்பில், கணினியின் மூளையான இன்டெல் பிராசஸரின் ஐ5 ஸ்டிக்கர் பளபளத்தது. பில்லிலும் 'ஐ5, 8 ஜிபி ராம்' என்று மட்டும்தான் இருந்தது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று மதர்போர்டுக்குள் இறங்காமல் மேலேயே நின்றது. கூலரைத் தூக்கினால், சூட்டைக் கூலருக்குக் கடத்த அடியில் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. அதைத் துடைத்த பிறகுதான் பிராசஸரின் உலோக மூடியில் இருந்த எழுத்து தெரிந்தது: ஐ5-2400. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை.

பழையதை விற்றது தப்பில்லை. டைப் அடிக்க, பாடம் பார்க்க அது இன்றைக்கும் போதும். ஆனால் 2022-இல் வந்த ஐ5-12400-உம் ஐ5 தான். முன்னதில் 4 கோர் (வேலை செய்யும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). பின்னதில் 6 கோர், 12 த்ரெட். இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர் என்றால், வாங்க வருகிற அம்மா அப்பாவுக்கு எப்படித் தெரியும்? விண்டோஸ் 11-க்கு ஏற்ற இன்டெல் பிராசஸர்கள் என்று மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் இதை யாரும் சொல்லவில்லை.

எண்ணிலேயே தலைமுறை இருக்கிறது. 2400 என்றால் 2, 8400 என்றால் 8, 12400 என்றால் 12. ஐ5-750 போல மூன்றே இலக்கம் இருந்தால் முதல் தலைமுறை. உங்களுக்கு இது தெரியும். அதை பில்லில் எழுத ஒரு நிமிடம் ஆகுமா?

அப்புறம் கூலர். வருத்தம் எனக்கு இதில்தான் அதிகம். போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். 1155, 1150, 1151, 1200 சாக்கெட்டுகளில் கூலர் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் தலைமுறையின் 1700 சாக்கெட்டில் அது 78. பிராசஸரின் உயரமும் சற்றுக் குறைவு. 'அட்ஜஸ்ட்' செய்து பழைய கூலரை அதில் மாட்டினால் சரியாக அழுந்தாது. ஐ5-12400-இன் அடிப்படை 65 வாட் என்றாலும், வேலை கூடும்போது 117 வாட் வரை போகும். அந்தச் சூடு எங்கே போகும்? 100 டிகிரியை நெருங்கும்போது பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அறையே 38 டிகிரி இருக்கும்போது, அது அதிக நேரம் தாங்காது.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசஸர் உள்ள கணினியைப் பிரிக்கும் தம்பிகளுக்கும் ஒன்று. ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டில் கூலரை ஒரேயடியாக மேலே இழுக்காதீர்கள். பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசஸரும் கூடவே வரும், அடியில் இருக்கும் கால்கள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள்.

அந்தப் பெண்ணின் கணினிக்கு என்ன செய்தேன் தெரியுமா? தூசியை ஊதினேன், பழைய பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். நான்கு பின்களையும் எதிரெதிர் மூலையாக 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி, போர்டின் பின்புறம் திருப்பி நுனி வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்தேன். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) 88 டிகிரி காட்டியது 51-க்கு இறங்கியது. மொத்தம் இருபது நிமிட வேலை.

ஜூன் மாதம் கல்லூரி திறக்கும், உங்கள் கடையில் கூட்டம் வரும். பில்லில் இரண்டு வரி சேருங்கள்: பிராசஸரின் முழு எண், பேஸ்ட் மாற்றிய தேதி.

அன்புடன்,
உங்களிடமே உதிரி பாகம் வாங்கும் ஒருவன்