முகம் இல்லாத ராஜா

மதுரை,
ஐப்பசி 12

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உன் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற வரியைக் கமலாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். என் முழங்கால் பழையபடிதான். மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன், அவ்வளவே.

நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்ட் முகம் போட்ட வெள்ளி ரூபாயை ஒரு வியாபாரி காட்டினார், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேள். அப்படி ஒரு ரூபாய் இந்தியாவில் புழக்கத்துக்கு வரவே இல்லை. உன் டப்பாவில் இருக்கும் 1936 காலணாவை எடுத்துப் பார், ஐந்தாம் ஜார்ஜ் இருப்பார். 1938 காலணாவில் ஆறாம் ஜார்ஜ். நடுவில் வந்தவருக்கு நம் காசில் இடம் கிடைக்கவில்லை. "பேட்டர்ன் நாணயம், அதனால்தான் புத்தகத்தில் இருக்காது" என்று வியாபாரி சொன்னாராமே! பேட்டர்ன் என்றால் புழக்கத்துக்கு விடுவதற்கு முன் அடித்துப் பார்க்கும் மாதிரி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேர் பிழைக்கிறார்கள்.

லண்டனில் அவருக்கு மாதிரி நாணயங்கள் அடித்தது மட்டும் உண்மை. 1936 ஜனவரியில் பட்டத்துக்கு வந்தார், டிசம்பரில் துறந்துவிட்டார். அதற்குள் 1937 என்று ஆண்டு பொறித்த காசுகள் தயாராகிவிட்டன. முகத்தைச் செதுக்கியவர் ஹம்ப்ரி பேஜட். ஒரு ராஜா ஒரு பக்கம் பார்த்தால் அடுத்தவர் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது இரண்டாம் சார்லஸ் காலத்து வழக்கம். அப்பா ஐந்தாம் ஜார்ஜ் இடப்பக்கம் பார்த்தவர், ஆகவே இவர் வலப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வகிடு தெரியும் இடப்பக்கம்தான் தனக்கு அழகு என்று பிடிவாதம் பிடித்து அதையே பொறிக்க வைத்தார். பின்னால் வந்த தம்பி ஆறாம் ஜார்ஜும் இடப்பக்கமே பார்த்தார், அண்ணன் ஒழுங்காக வலப்பக்கம் பார்த்துவிட்டுப் போனதைப் போல! வழக்கத்தைக் காப்பாற்றும் அழகைப் பார்.

எனக்குப் பிடித்தது மூன்று பென்னிக் காசின் கதை. பித்தளை நிறம், பன்னிரண்டு பக்கம். வடிவம் புதிது. காசு போட்டால் பொருள் தரும் இயந்திரங்களில் ஒழுங்காக விழுமா என்று பார்க்க, அந்த இயந்திரம் செய்பவர்களுக்குச் சிலவற்றைக் கொடுத்திருந்தார்கள். ராஜா போனதும் திருப்பிக் கேட்டார்கள். எல்லாம் திரும்பி வரவில்லை. இன்று சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வது அப்படி நழுவிய காசுகளுக்குத்தான். அவருடைய தங்க சவரன் ஒன்று 2020-இல் பத்து லட்சம் பிரிட்டிஷ் பவுண்டுக்கு விலைபோனது. உன் ஓய்வூதியத்தையும் என்னுடையதையும் சேர்த்தாலும் அதன் பெட்டிக்குக் காணாது.

ஆனால் என்னிடமும் ஓர் எட்வர்ட் இருக்கிறார், தெரியுமா? போன மாதம் நாணயக் கண்காட்சியில் முந்நூறு ரூபாய்க்குப் பிடித்தேன். 1936-இல் அடித்த கிழக்கு ஆப்பிரிக்கப் பத்து சென்ட். நம் காலணாவைவிடப் பெரிய வெண்கலக் காசு. நடுவில் ஓட்டை, ஒரு பக்கம் ஓட்டைக்கு மேல் கிரீடம், மறுபக்கம் ஓட்டையின் இருபுறமும் யானைத் தந்தம். முகத்துக்கு இடமே இல்லாத காசு, அதனால் எந்தப் பக்கம் பார்ப்பது என்ற சண்டையும் இல்லை. பெயரை மட்டும் போட்டு அந்த ஆண்டே புழக்கத்துக்கு விட்டுவிட்டார்கள்.

ராத்திரி லென்ஸ் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். லத்தீனில் சுற்றி ஓடுகிறது: எட்டாம் எட்வர்ட், ராஜா, இந்தியாவின் சக்கரவர்த்தி. நம் காலணாவில் தலைகாட்டாத மனிதர் மொம்பாசாக் கடைக்காரரின் கல்லாவில் நமக்குச் சக்கரவர்த்தியாக இருந்திருக்கிறார்! கிரீடம் தேய்ந்துவிட்டது. எழுத்து மட்டும் கூர்மையாக இருக்கிறது.

தீபாவளி கழித்து வா. காட்டுகிறேன். வருவதற்கு முன் ஒரு வேலை செய். அந்தக் கடைக்கு ஒரு நடை போய், போலி ரூபாயில் ராஜா எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று பார்த்து எழுது. செய்தவனுக்கு விஷயம் தெரியுமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன்,
வேலாயுதம்